அந்த 12 மணி நேரக் கணக்கு

முதல் பிரசவம் 12 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு 31 மணி நேரம் ஆனது. பெரம்பூரில் வீட்டில் இருந்தபோது இரவு 11 மணிக்கு இடுப்பு வலி தொடங்கியது. சூட்டு வலியாக இருக்கும் என்று அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். வலி விடவில்லை. விடியற்காலையில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். கர்ப்பப்பை வாய் 2 செ.மீ.தான் திறந்திருந்தது. மாலையில் பார்த்தால் 4. "இன்னுமா?" என்று செவிலியர் கேட்டபோது, ஏதோ தவறு செய்துவிட்டவள்போல் குறுகிப்போனேன். வலி மறந்துவிட்டது, அந்தச் சொல் மறக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகளைப் பிறகுதான் படித்தேன். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும் வரையிலான தொடக்கக் கட்டம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அதற்குக் கால வரையறை இல்லை. கட்டுரை சொல்லும் 12 மணி நேரம் அதற்குப் பிறகான கணக்கு. மணிக்கு ஒரு செ.மீ. என்ற பழைய அளவுகோலும் எல்லோருக்கும் பொருந்தாதாம். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

விரும்பிய ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. நான் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலோ அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் மகளை எடுத்தார்கள். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் வார்டு ஆயா. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.