ராட்டினத்தில் ஏறுவதற்கு முன்னால் அடிக்கட்டையைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் மல்கோவா, பெங்களூரா, செந்தூரா என்று அடுக்கி வைத்திருக்கும் அரங்கில் பத்து நிமிடம் நின்றால் அதிகம். அதற்குள் பிள்ளைகள் கையைப் பிடித்து ராட்டினப் பக்கம் இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனாலும், ஊர் மாரியம்மன் பண்டிகைக்குப் போனாலும் இதே கதைதான். ராட்டினம் வேண்டாம் என்று சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகள் ஆசையாக ஏறுவதை ஏன் தடுக்க வேண்டும்? ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் கீழே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இது.

2019 ஜூலையில் அகமதாபாத்தில் ஊஞ்சல் மாதிரி ஆடும் ராட்டினம் தண்டோடு முறிந்து விழுந்ததில் உயிர் போனது. 2022 செப்டம்பரில் மொஹாலியில், ஊர் ஊராகப் போகும் கண்காட்சி ஒன்றில், ஆட்களைத் தூக்கிப்போய் மேலிருந்து இறக்கும் ராட்டினம் ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து அப்படியே தரையில் வந்து மோதியது. இப்படி நடக்கும்போதெல்லாம் "அனுமதி வாங்கினார்களா" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. அனுமதி முக்கியம்தான். ஆனால் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி ராட்டினத்தை நிறுவிய நாளில் வந்து பார்ப்பார். அதற்குப் பிறகு அது மூன்று நான்கு வாரம் ஓடுகிறது. பன்னிரண்டாவது நாள் ராத்திரி பெய்த மழையில் தரை எவ்வளவு இறங்கியது என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. தினமும் காலையில் அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க ஒரு நோட்டும் வேண்டும். என்னுடைய வாதம் இதுதான்.

தரையிலிருந்து ஆரம்பிப்போம். நிரந்தரப் பூங்காவில் இருக்கும் ராட்டினத்துக்கு கான்கிரீட் அஸ்திவாரம் உண்டு. கண்காட்சி ராட்டினம் பள்ளி மைதானத்து மண்ணின் மேல் மரக்கட்டைகளைப் போட்டு, அதன் மேல் நிற்கிறது. நம் பக்கத்துச் செம்மண் காய்ந்திருக்கும்போது பாறை மாதிரி இருக்கும், ஒரு நல்ல மழை பெய்தால் கட்டையின் விளிம்பு உள்ளே இறங்கிவிடும். ஒரு பக்கத்துக் கட்டை ஒரு அங்குலம் இறங்கினாலே 50 அடி உயரத்தில் சக்கரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு சாயும். சாய்ந்தால் அச்சின் பாரம் ஒரு பக்க பேரிங் மேல் போகும். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "கட்" என்று சத்தம் வந்தால் காரணம் இங்கே இருக்கலாம். எனவே முதலில் அடிக்கட்டையைப் பாருங்கள். கட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, இடைவெளியை அடைக்கச் செங்கல்லோ ஓட்டுச் சில்லோ செருகியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். செங்கல் பாரத்தில் நொறுங்கும். அப்படிச் செருகியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து, கோபுரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் வயர் ரோப்பு. கிரானைட் குவாரியில் கிரேன் வேலை பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பாலபாடம். ரோப்பை மடித்துப் போடும் இடத்தில், இரண்டு மடிப்பையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் யு கிளாம்ப் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். கிளாம்பின் தட்டையான பகுதி பாரம் இழுக்கிற ரோப்பின் மேல் உட்கார வேண்டும், வளைந்த கம்பி வெட்டுமுனைப் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் வளைந்த கம்பி பாரம் இழுக்கும் ரோப்பையே நசுக்கி, இழைகளை அறுக்கும். ரோப்பில் முள் முள்ளாகக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு இன்னொன்று தெரியும். நட்டை டார்க் ரெஞ்ச் (அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்கியதும் நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுவார்கள். கோடு விலகினால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பெயின்ட் டப்பாதான் செலவு, எந்த ராட்டினத்திலும் செய்யலாம். அதேபோல் பெட்டி தொங்கும் பின்னைப் பாருங்கள். அது கழன்று வராமல் இருக்க முனையில் ஒரு ஸ்பிளிட் பின் போட்டு, இரண்டு காலையும் விரித்துவிட்டிருப்பார்கள். பெரிய ராட்டினத்தில் மிகச் சின்னப் பாகம் இதுதான், நாலு பேர் உயிர் அதில்தான் தொங்குகிறது. அந்த இடத்தில் ஆணியோ கட்டுக்கம்பியோ முறுக்கி விட்டிருந்தால் அது ராட்டினமே இல்லை. போல்ட் ஓட்டையைச் சுற்றி செம்பழுப்புப் பொடி வழிந்த தடம் இருந்தால், உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கிறது. மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அந்தத் தடம் இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும்.

இனி ஆட்களை ஏற்றும் முறை. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 16 பெட்டி உள்ள ராட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு நாலு பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் ஒரு பெட்டியில் 240 கிலோ. அடுத்தடுத்து எட்டுப் பெட்டியை மட்டும் நிரப்பிவிட்டால் சக்கரத்தின் ஒரு பாதியில் 1,920 கிலோ கூடுதலாக நிற்கும். அந்தப் பாதி மேலே இருக்கும்போது பிரேக் வழுக்கினால் சக்கரம் தானாகச் சுழன்று இறங்கும், எந்த ஆபரேட்டராலும் கையால் நிறுத்த முடியாது. அதனால் சரியான ஆபரேட்டர் முதல் பெட்டியை ஏற்றியதும் சக்கரத்தைப் பாதி சுற்றி ஒன்பதாவது பெட்டியை ஏற்றுவார். பிறகு ஐந்தும் பதின்மூன்றும், அதற்குப் பிறகு மூன்றும் பதினொன்றும். "நாங்கள் எட்டுப் பேர் ஒன்றாக வந்தோம், பக்கத்துப் பக்கத்துப் பெட்டி கொடுங்கள்" என்று அவரிடம் சண்டை போடாதீர்கள். அவர் உங்களைப் பிரித்து உட்கார வைத்தால் தொழில் தெரிந்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கரண்ட் போய் சக்கரம் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? கோடை இடிமழை நாளில் இதுதான் அதிகம் நடக்கக்கூடியது. மேலே இருப்பவர்கள் எழுந்து நிற்கக் கூடாது, பெட்டியை ஆட்டக் கூடாது, கம்பியைப் பிடித்து இறங்கப் பார்க்கவே கூடாது. பெட்டியின் நடுவில் நெருங்கி உட்கார்ந்தால் போதும். கீழே ஒருவர் பிரேக் லீவரை விடாமல் பிடித்திருக்க, இரண்டு மூன்று பேர் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் தள்ளி, கீழே வரும் பெட்டியை முதலில் காலி செய்ய வேண்டும். அடுத்து அதற்கு நேர் எதிர்ப் பெட்டி. ஏற்றிய அதே கணக்கில்தான் இறக்க வேண்டும். அவசரத்தில் பக்கத்துப் பெட்டிகளாக மூன்று நாலைக் காலி செய்தால் எதிர்ப்பக்கம் கனத்து, மிச்சம் இருப்பவர்களோடு சக்கரம் ஒரே சுழற்றாகச் சுழன்றுவிடும். பத்து நிமிடத்தில் முதல் பெட்டி இறங்கவில்லை என்றால் 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். ராட்டினக்காரர் "இதோ ஆச்சு" என்று சொல்வதைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

முடி விஷயத்தில் தாய்மார்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். பின்னலைத் தொங்கவிட்டு ஏறுவதால் வரும் ஆபத்து சாதாரணமானது இல்லை. சுழலும் தண்டில் முடி ஒரு சுற்றுச் சுற்றினால் அடுத்த நொடியில் தலைத்தோலே உரிந்து வந்துவிடும். கோ-கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியில் பின் அச்சு சீட்டுக்குப் பின்னாலேயே சுழல்கிறது. அதில் முடி சிக்கி 2018-ல் ஹரியானாவிலும் 2020-ல் ஹைதராபாத் பக்கத்திலும் இளம்பெண்கள் இறந்திருக்கிறார்கள். கொண்டை போட்டு ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வையுங்கள், புடவை முந்தானையை இடுப்பில் செருகுங்கள். பூ வைத்திருந்தால் அந்தச் சரத்தையும் எடுத்துவிடுங்கள், நூல் சிக்கினால் முடியையும் சேர்த்து இழுக்கும்.

மீறி நடந்துவிட்டால் முடியைப் பிடித்து இழுக்காதீர்கள். மோட்டாரை நிறுத்தி, முடியைக் கத்தரித்து ஆளை விடுவியுங்கள். தோல் உரிந்திருந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். உரிந்த தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து நோயாளியோடு கொடுத்தனுப்புங்கள். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. 108-ல் சொல்லும்போதே "தலைத்தோல் உரிந்துவிட்டது" என்று சொல்லுங்கள், எந்த மருத்துவமனை என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குழந்தைகள் பற்றி இரண்டு வார்த்தை. மடியில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். குறுக்குக் கம்பி பெரியவர் இடுப்பளவுக்கு நிற்கும், அதற்குக் கீழே இருக்கும் இடைவெளியில் நாலு வயதுக் குழந்தை வழுகிப் போய்விடும். வேகமாகச் சுழலும் ராட்டினத்தில் கனமானவர் வெளிப்பக்கமும் சிறுவர் உள்பக்கமும் உட்கார வேண்டும், இல்லையென்றால் சுழல்கிற வேகத்தில் பெரியவர் சிறுவரை நசுக்கிவிடுவார். காற்றடைத்த சறுக்குமரத்துக்கு ஒவ்வொரு மூலையிலும் முளை அடித்திருக்கிறதா என்று பாருங்கள். பலத்த காற்றில் அது குழந்தைகளோடு புரளும்.

மழை ஓய்ந்த உடனே ஏறாதீர்கள், காரணம் மின்சாரம். சீரியல் லைட்டு வயர் உரசி இன்சுலேஷன் போயிருந்தால் ராட்டினத்தின் இரும்பு முழுக்கக் கரண்ட் ஏறும், நீங்கள் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நிற்கும்போது அது உங்களுக்கும் வரும். கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் எர்த் ராடும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனியாக வேண்டும். சேற்றில் கிடக்கும் வயரில் டேப் சுற்றிய இணைப்பு தெரிந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கண்காட்சி நடத்துகிறவர்களிடமும் அனுமதி கொடுக்கும் அதிகாரிகளிடமும் கேட்பது ஒன்றுதான். டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னலில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். இன்றைய தேதி, காலையில் ஆள் இல்லாமல் எத்தனை சுற்று ஓட்டிப் பார்த்தார்கள், அடிக்கட்டை, ரோப்பு, பின், பிரேக், எர்த் ஆகியவற்றைப் பார்த்தவர் பெயரும் கையெழுத்தும். ஐந்து வரி. நேற்றைய தேதி இருந்தால் டிக்கெட் வாங்க மாட்டோம் என்று சனங்கள் வரிசையில் நின்றபடியே சொல்லிவிடலாம்.