ஆறு மில்லிமீட்டருக்கு இவ்வளவு ஒப்பாரியா என்று கேட்டவர்களுக்கு

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. அந்தப் பெண் வாங்கிய பேச்சு போதும். துருத்தி நிற்கும் காதை மண்டையோடு ஒட்டினாற்போல் மடித்துத் தைக்கும் சர்ஜரி முடிந்து எட்டு மாதம். வலது காதின் மேல்விளிம்பு மண்டையிலிருந்து 11 மி.மீ. தள்ளி நிற்கிறது, இடது 17. ஸ்கேல் வைத்து அளந்து, தேதி போட்டு, படத்தோடு கேட்டிருந்தார்: இதை இப்படியே விடுவதா, வேறு யாரிடமாவது காட்டுவதா? அவ்வளவுதான் கேள்வி.

வந்த பதில்கள்: "ஆறு மில்லிமீட்டருக்கு இவ்வளவு ஒப்பாரியா?" "காது கேக்குதுல்ல, அப்புறம் என்ன?" "பாசிட்டிவா இருங்க சிஸ்டர்." முகப்பில் மருத்துவர் என்று போட்டிருக்கும் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "நூறு சதவீத சமச்சீர் யாருக்கும் கிடையாது, ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள்" என்று அருளினார். அதற்குக் கீழே இதயக்குறிகள் குவிந்து கிடக்கின்றன.

சரி டாக்டர், சமச்சீர் யாருக்கும் கிடையாதுதான். ஆனால் எவ்வளவு வரை இயல்பு, எங்கே தொடங்கி குறை என்று உங்கள் துறையே எழுதி வைத்திருக்கிறதே? இந்த அறுவை சிகிச்சையின் வெற்றிக்கு மெக்டவல் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1968-இல் வகுத்த அளவுகோல்களைத்தான் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் ஒன்று: எந்த இடத்தில் அளந்தாலும் இரண்டு காதுகளுக்கும் இடையே வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இருப்பது அதில் இரண்டு மடங்கு. பொதுவாக எதிர்பார்க்கும் இடைவெளி மேல்பகுதியில் 10 முதல் 12, நடுவில் 16 முதல் 18, கீழே 20 முதல் 22 மி.மீ. அவருடைய வலது காது அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இடது காது வெளியே நிற்கிறது. இதில் ஒப்பாரி எங்கே இருக்கிறது? அளவு சொல்லியிருக்கிறார். பதிலுக்கு அளவு சொன்ன ஆள் அந்தப் பதிவின் கீழே ஒருவர்கூட இல்லை.

நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் ஆறுதல் சொல்லாதீர்கள்.

அளப்பது பெரிய வித்தையும் இல்லை. மில்லிமீட்டர் குறித்த ஸ்கேலின் பூஜ்யம் ஓரத்திலேயே தொடங்க வேண்டும். சில ஸ்கேல்களில் ஓரத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள், அதிலேயே ஐந்து மில்லிமீட்டர் ஏமாந்துவிடலாம். தலையை நேராக வைத்து, காதுக்குப் பின்னால் மண்டையில் ஸ்கேலை ஊன்றி, மடலின் வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். உச்சி, நடு, மடலின் கீழ்ப்பகுதி என மூன்று இடம். மடலை அழுத்தக் கூடாது. தன் காதைத் தானே அளந்தால் கை தானாக அழுத்தும், அதனால் இன்னொருவர் அளப்பது நல்லது. இரண்டு முறை அளந்து இரண்டும் ஒத்துவந்தால்தான் கணக்கு.

படம் எடுப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கைநீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகும், காது பின்வாங்கிச் சிறுத்துத் தெரியும். சில போன்கள் படத்தை இடவலமாகத் திருப்பியும் சேமிக்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று வேறொருவர் இரண்டு மடங்கு ஜூமில், கண் மட்டத்தில் எடுக்க வேண்டும். முன்புறம், இரு பக்கம், பின்புறம். முடியை முழுக்கக் கட்டிவிட்டு. மாதம் ஒரு தேதி, அதே இடம், அதே வெளிச்சம். கண்ணாடி முன் தினமும் நின்றால் ஒருநாள் சரியாக இருக்கும், மறுநாள் கோணலாக இருக்கும், மூன்றாம் நாள் தூக்கம் போகும். ஏமாற்றத்தில் இருக்கிறவருக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: கண்ணாடியை விட்டுவிட்டு அளவைப் பிடியுங்கள்.

"வீக்கம் வடியட்டும், பொறுங்க" என்று எழுதியவர்களுக்கு வருகிறேன். பாதி சரி. முதல் இரண்டு மூன்று வாரத்தில் காது எப்படி இருந்தாலும் தீர்ப்பு எழுதக் கூடாது. பெரிய வீக்கம் அப்போது வடியும், மிச்சம் சில மாதங்கள் இழுக்கும். காது மரத்துப் போவதும் குளிரில் கூசுவதும் மாதக்கணக்கில் நீடித்துத் தானாகத் தேறலாம். தையல் போட்டு மடித்த குருத்தெலும்பு ஆரம்ப மாதங்களில் கொஞ்சம் வெளியே தளரும் என்று தெரிந்துதான் பலர் முதலிலேயே சற்றுக் கூடுதலாக ஒட்ட வைக்கிறார்கள். அதனால் முதல் மாதம் "ரொம்ப ஒட்டிக்கிச்சே" என்று பயந்தவர் ஆறாம் மாதம் நிம்மதியாவது உண்டு. ஆனால் பொறுமைக்கும் கெடு இருக்கிறது. எட்டாம் மாதத்தில் 6 மி.மீ. வித்தியாசம் வீக்கம் கிடையாது. ஏதோ ஒரு தையல் அறுந்திருக்கலாம், அல்லது குருத்தெலும்பைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கலாம். அந்தப் பக்கக் குருத்தெலும்பு தடித்து விறைப்பாக இருந்து, நூலை இழுத்துத் தளர்த்தியிருக்கலாம். குழந்தைகளின் மடல் மெத்தென்று மடியும். பெரியவர்களுக்கு அப்படி மடியாது, தையலின் மீது இழுவிசை அதிகம்.

காத்திருக்கவே கூடாத சங்கதிகளும் உண்டு, பொறுமை வியாபாரிகள் அதைச் சொல்வதில்லை. முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், மாத்திரைக்கும் அடங்காவிட்டால், கட்டைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் இல்லை. மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் ஊட்டம். நடுவில் இரத்தக்கட்டு புகுந்து அதைப் பிரித்தால் குருத்தெலும்பு பட்டினி கிடந்து சுருங்கும். அப்படிச் சுருங்கிய காதைப் பழையபடி ஆக்குவது கடினம். சில நாள் கழித்து மடல் சிவந்து, சூடாகி, தொட முடியாமல் வலித்து, காதுச்சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால், குருத்தெலும்புச் சவ்வில் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். சோணையில் குருத்தெலும்பு கிடையாது, அதனால் அது தப்பும். இதில் சூடோமோனாஸ் கிருமி அடிக்கடி இருக்கும், வழக்கமாக எழுதித் தரும் ஆன்டிபயாட்டிக்குகள் பல அதற்குக் கேட்காது. இந்த இரண்டிலும் "பாசிட்டிவா இருங்க" என்று சொல்கிறவர் காதைத் தின்றுவிடுவார்.

இனி, ஏமாற்றம் என்று எல்லோரும் ஒரே சொல்லில் போட்டு மூடுவதற்குள் எத்தனை வகை இருக்கிறது பாருங்கள். நடுப்பகுதி மட்டும் உள்ளே போய், மேலும் கீழும் துருத்தி நின்றால் அதற்குப் பெயர் டெலிபோன் காது. காதின் நடுக் கிண்ணத்தை மண்டையோடு அளவுக்கு மீறி இழுத்துக் கட்டி, அல்லது அதில் கூடுதலாக வெட்டி எடுத்து, மேல்முனையையும் சோணையையும் கவனிக்காமல் விட்டால் வருவது. முன்னாலிருந்து பார்க்கும்போது வெளிவிளிம்பே தெரியாமல் உள்மடிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், அது அதிகமாக ஒட்டிவிட்டது. மடிப்பு உருண்டையாக இல்லாமல் கத்தி முனைபோல் ஓரம் தெரிந்தால், குருத்தெலும்பை முழு ஆழத்துக்கு வெட்டிய இடம் தோலுக்கு அடியில் எட்டிப் பார்க்கிறது. காதுக்குப் பின்னால் சிறு கொப்புளம் வந்து நூல் முனை நீட்டினால், தையல் வெளித்தள்ளப்படுகிறது; இது சில ஆண்டுகள் கழித்துகூட வரலாம். பயந்து நீங்களே பிடித்து இழுக்காதீர்கள். பல மாதம் ஆகி வடு இறுகிய பிறகு ஒரு நூலை எடுத்தால் பெரும்பாலும் வடிவம் மாறாது. ஆரம்பத்திலேயே போனால் மாறலாம். பின்பக்கத் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் கீலாய்டு. அதற்குச் சிலிகான் பட்டையும் சில வாரங்களுக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசியும். அதைச் சும்மா வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும், முன்பைவிடப் பெரிதாகவும் வரலாம்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வு வேறு, தீர்வின் கஷ்டமும் வேறு. மேல்முனை தளர்ந்திருந்தால் மறுபடி தையல் போடலாம், ஒப்பீட்டளவில் சின்ன வேலை. சோணை துருத்தினால் பின்பக்கத் தோலைக் கொஞ்சம் எடுத்துத் தைக்கலாம். அதிகமாக ஒட்டியதைத் திரும்ப வெளியே கொண்டுவருவதுதான் நிஜமான சிரமம்: வடுவைப் பிரிக்க வேண்டும், சிலருக்கு வேறிடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டவும் வேண்டியிருக்கும், முன்புபோல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. "காதுதானே, ஏத்துக்கோங்க" என்ற ஒரே மாத்திரையை இத்தனைக்கும் சேர்த்து எழுதித் தருகிறார்கள்.

"பிறந்தபடியே இருந்திருக்கலாமே" என்று ஒரு கூட்டம். இருந்திருக்கலாம். முடிந்துபோன ஆபரேஷனுக்கு இந்த அறிவுரையை எங்கே ஒட்ட வைப்பது என்று அவர்களே சொல்லட்டும். அடுத்தது.

"எந்த மருத்துவரும் உத்தரவாதம் தர முடியாது" என்பது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். நல்ல கைகளிலும் தளரும். நோயாளி இரவில் ஹெட்பேண்ட் போடாமல் பக்கவாட்டில் படுத்து மடல் மடங்கினாலும் தளரும். நாலு முதல் ஆறு வாரம் இரவில் போடச் சொல்வது சும்மா இல்லை. அதையும் இறுக்கிக் கட்டினால் மடலின் முன்பக்கத் தோல் புண்ணாகும். கழுத்து வழியாக மாட்டும் டி-ஷர்ட் காதை முன்னால் இழுக்கும், அதனால்தான் பட்டன் வைத்த சட்டை போடச் சொல்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் உத்தரவாதம் தர முடியாது என்பதற்கும், வந்திருக்கும் குறையைப் பார்க்க மாட்டேன் என்பதற்கும் நடுவே ஒரு ஸ்கேல் தூரம் இருக்கிறது. டாக்டர்களே, சர்ஜரிக்கு முன் காதுக்கு மூன்றாக ஆறு அளவையும் எழுதி வைத்தீர்களா? எழுதியிருந்தால் எடுத்துப் பேசுங்கள். மண்டை எலும்பே இரு பக்கமும் ஒத்திருக்காதவர்கள் உண்டு. அப்படியென்றால் அதைக் கத்தி வைக்கும் முன்பே காட்டியிருப்பீர்கள். முன் அளவே இல்லாமல் பின்னால் வந்து "இயற்கையாகவே சமச்சீர் இல்லை" என்பது வசதியான தத்துவம்.

எனக்கு உண்மையில் வலித்த இடம் வேறு. "இது மனப்பிரச்சினை, கவுன்சலிங் போங்க" என்று பலர் எழுதியிருக்கிறார்கள், அக்கறை தொனிக்க. உடல் தோற்றக் குறைபாட்டு மனநிலை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. தினமும் மணிக்கணக்கில் அதே நினைப்பு, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தேடுவது, ஒன்றைச் சரிசெய்தால் கவலை வேறு இடத்துக்குத் தாவுவது. அவர்களுக்கு சர்ஜரி நிம்மதி தருவது அரிது, உதவி வேறு இடத்தில் கிடைக்க வேண்டும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது கன்சல்டேஷன் மேசையில், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன். ஆபரேஷனுக்கு முன் தெளிவாக முடிவெடுக்கத் தெரிந்த பெரிய மனுஷி, முடிவு பிடிக்கவில்லை என்றதும் மனநோயாளி ஆகிவிடுகிறாளா? ஸ்கேல் காட்டும் 6 மி.மீ.யை அவள் கற்பனை செய்தாளா? சர்ஜரிக்குப் பிறகு சில வாரம் மனம் சோர்ந்து கிடப்பதும் அழுகை வருவதும் சாதாரணம். மாதக்கணக்கில் வேலை, தூக்கம், வெளியே போவது எல்லாம் கெட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் இல்லை. காதையும் பார்க்க வேண்டும், மனசையும் பார்க்க வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தட்டிக் கழிப்பவர்கள்மீதுதான் என் கோபம்.

சிறுவயதில் காதைச் சொல்லிக் கூப்பிட்டே வளர்த்த பிள்ளைகள் எத்தனை பேர். வகுப்பில் பின்னாலிருந்து சுண்டுவார்கள், ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார். பதினைந்து இருபது வருடம் அதைச் சுமந்துவிட்டு, காசு சேர்த்து, பயந்து பயந்து கத்திக்கு ஒப்புக்கொடுத்து, விழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் சரியாகியிருக்கிறது. அந்த ஆளிடம் போய் "சின்ன விஷயம்" என்கிறீர்கள். சின்ன விஷயமென்றால் விளம்பரத்தில் ஏன் அவ்வளவு பெரிதாகப் போடுகிறார்கள்? முன் படத்தில் முடியை இழுத்துக் கட்டி, தூரத்திலிருந்து, நேர்முகம். பின் படத்தில் முடியை அவிழ்த்து, கிட்டத்திலிருந்து, முகத்தை லேசாகத் திருப்பி, புன்னகையோடு. இரண்டு படத்துக்கும் கேமரா தூரம் ஒன்றா என்று யாரும் கேட்பதில்லை. நோயாளி கொண்டுவரும் படத்துக்கு மட்டும் "கோணம் சரியில்லையே" என்று ஆயிரம் கேள்வி.

அந்தப் பெண் இதைப் படித்தால், இவ்வளவுதான். முதலில் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேளுங்கள். தையல் மட்டும் போட்டார்களா, குருத்தெலும்பைக் கீறினார்களா, வெட்டினார்களா, நூல் கரையக்கூடியதா கரையாததா, இரண்டு காதிலும் ஒரே முறைதானா என்பது அதில் இருக்க வேண்டும். செய்தவரிடமே முதலில் போங்கள். பலர் மறுதிருத்தத்துக்குச் சம்மதிப்பார்கள், கட்டணம் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு மறுதிருத்தக் காதுகளை வழக்கமாகச் செய்யும் இன்னொருவரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு முன் தொடமாட்டார்கள், சிலர் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள், அது நியாயம்தான். போகும்போது "நல்லா இல்ல" என்று சொல்லாதீர்கள், "இடது மேல்முனை, 17" என்று சொல்லுங்கள். ஒரே ஒரு குறையை முதலில் வையுங்கள். எவ்வளவு மில்லிமீட்டர் குறையும், எது குறையாது, மறுபடி தளர்ந்தால் என்ன திட்டம் என்று கேளுங்கள். அதைச் சரிசெய்வதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு உங்கள் முடிவு. வேண்டாம் என்று தோன்றினாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும், கூட்டம் திணித்ததாக இருக்காது.

மற்றவர்களுக்கு: கீழே கருத்து எழுதலாம், தாராளமாகத் திட்டலாம். "பாசிட்டிவா இருங்க" என்று வருபவை மட்டும் நீக்கப்படும். அந்த மருத்துவர் வந்தால் முன் அளவுகளோடு வரட்டும்.