கன்சில் நகரத்துக் காடி மட்டுமா?
மலேசியாவின் பெரோடுவா நிறுவனம் தயாரித்த சின்னக் காடி (கார்) கன்சில், நகர நெரிசலுக்காகவே பிறந்தது என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் வந்து பாருங்கள், செம்பனைக்காட்டு மண்சாலையில் இன்றும் ஓடுகிறது. 1994-இல் வந்தது 660 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் இஞ்சின். ஜப்பானின் டைஹாட்சு மீரா காடிதான் அதற்கு மூலம். பானட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும், எஸ்டேட் மெக்கானிக்கே போதும். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) மோட்டார் சைக்கிளை விட்டு நேராக இதற்கு மாறியவர்கள்தான் அதிகம். ஐந்து பேரை ஏற்றி ஏசியும் போட்டால் மேட்டில் மூச்சு வாங்கும், அது உண்மை. முடிந்தவர்கள் 850 சிசி கன்சில் வாங்கினார்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர், 2007-இல் பெரோடுவாவின் அடுத்த சின்னக் காடி விவா வந்ததும் கன்சில் நின்றுவிட்டது என்கிறார். இல்லை ஐயா, 2009 வரை தயாரித்தார்கள்.