யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை?

வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம் என்றால், ஏரோது ராஜா சிறையில் அடைத்த பேதுருவைத் தேவதூதன் விடுவித்ததுதான் நமக்கு ஞாபகம் வரும். இரண்டு சங்கிலிகள், காவலுக்குப் பதினாறு சேவகர்கள், சிறைக்குள் பிரகாசித்த வெளிச்சம், தானாகத் திறந்த இரும்புக் கதவு. இதை வைத்து எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருப்போம்! ஆனால் அதே அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில் ஒரு மரணம் இருக்கிறது. யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றுபோடுகிறான். ஒரே வசனம். இதை எழுதிய லூக்கா அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

யாக்கோபு ஓரமாக நின்ற சீஷர் இல்லை. இயேசுவின் ரூபம் மாறிப் பிரகாசித்த மறுரூப மலைக்கும், அவர் பிடிபடுமுன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தின் உள்ளேயும் அவர் கூடவே கூட்டிக்கொண்டு போன மூவரில் ஒருவர். பேதுருவும் அந்த மூவரில் ஒருவர். அதே சபை, அதே ஏரோது, ஏறக்குறைய அதே நாட்கள். ஒருவருக்குத் தூதன் வந்தான், இன்னொருவருக்கு வரவில்லை. ஏன்? வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேதம் சொல்லாததை நாம் சொல்லிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். கணவரை இழந்த என் தோழியின் வீட்டில், உடல் இன்னும் கூடத்தில் இருக்கும்போதே ஒருவர் சொன்னார்: “இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட ஜெபிச்சிருக்கலாம்மா.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் இல்லாத மரணம் அவருக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை என் தோழி இன்றுவரை சுமக்கிறாள். கணவரைக் கொன்றது தன் ஜெபத்தின் குறைதானோ என்று.

சரி, அந்த அதிகாரத்தையே கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். பேதுருவுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசம் எப்படி இருந்தது? மாற்கு என்று அழைக்கப்பட்ட வேறொரு யோவானின் தாய் மரியாளின் வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் ஓடிவந்து சொல்கிறாள். உனக்குப் பைத்தியமா என்கிறார்கள். அவள் உறுதியாகச் சொன்ன பிறகும், அது பேதுருவின் தூதனாயிருக்கும் என்கிறார்கள். கேட்டது வாசலில் நிற்கிறது, அவர்களால் நம்ப முடியவில்லை! இந்த விசுவாசத்துக்குத்தான் சிறைக்கதவு திறந்தது. அப்படியானால் யாக்கோபுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசம் இதைவிடக் குறைவாக இருந்தது என்று எந்த முகத்தோடு சொல்வோம்?

எபிரெயர் 11ஆம் அதிகாரமும் இதையேதான் செய்கிறது. விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள் என்கிறது 34ஆம் வசனம். 37ஆம் வசனத்தில் அதே விசுவாசப் பட்டியலில் சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரிக்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் நற்சாட்சி பெற்றவர்கள்தான். ஆராதனையில் கர்த்தர் செய்ததைச் சொல்லும் நம் சாட்சி நேரங்களில் முதல் கூட்டத்துக்கு மட்டும் மைக் கொடுக்கிறோம்.

கிருபையைக் கூலியாக மாற்றினால் இதுதான் நடக்கும். இவ்வளவு உபவாசம், இவ்வளவு ஜெபம், அதற்கு இவ்வளவு பலன் என்று கணக்குப் போட ஆரம்பித்தால், கிடைத்தவர் தன்னைப் பற்றிப் பெருமைப்படுவார், கிடைக்காதவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வார். பவுல் அப்போஸ்தலர் தன் மாம்சத்தில் இருந்த முள் என்று சொன்ன ஒரு வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. தன்னை உயர்த்தாதபடிக்கு அது கொடுக்கப்பட்டது என்று பவுல் எழுதுகிறார், ஆனால் அந்த முள் என்ன என்று நமக்குத் தெரியாது. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில் வந்தது. இந்தப் பதிலைப் பல வருடங்கள் நான் ஒரு மறுப்பாகத்தான் வாசித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. முள் இருக்கும் இடத்துக்கே கர்த்தர் வருகிறார். பவுல் கேட்டதைவிட அது பெரியது என்று நம்புகிறேன்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. “எல்லாம் தேவ ரகசியம்” என்று சொல்லி மனிதர் செய்யும் அநியாயத்தை மூடி மறைப்பவர்கள் உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் ஒரு உயிரைப் பறித்தால் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மனைவியை அடிப்பவனைப் பொறுத்துக்கொள் என்று சொல்வதற்குக் கர்த்தருடைய பெயரை இழுக்கக் கூடாது. லூக்கா இதில் தெளிவாக இருக்கிறார். ‘கர்த்தர் யாக்கோபை எடுத்துக்கொண்டார்’ என்று அவர் எழுதவில்லை. ஏரோது கொன்றான் என்றுதான் எழுதினார். கொலைகாரனின் பெயரைச் சொல்வதும் விசுவாசம்தான். அந்தக் கொலையைக் கர்த்தர் ஏன் தடுக்கவில்லை என்பதுதான் நமக்கு எட்டாத கேள்வி. மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள் என்று உபாகமம் 29:29 சொல்வதை நான் அந்த இடத்தில்தான் பிடித்துக்கொள்கிறேன்.

எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது யோவான்தான். சகோதரனுக்குத் தூதன் வரவில்லை, நண்பனுக்கு வந்தான். பேதுரு உயிரோடு வந்த செய்தியை அவர் எந்த மனதோடு கேட்டிருப்பார்? சந்தோஷப்பட்டிருப்பார். ஒருவேளை தனியாகப் போய் அழுதும் இருப்பார். சபையின் பாரம்பரியப்படி “தேவன் அன்பாகவே இருக்கிறார்” என்று பின்னாளில் தன் முதலாம் நிருபத்தில் எழுதியது இதே யோவான்தான். யாக்கோபு ஏன் சாக வேண்டும் என்பதற்கு அந்த நிருபத்தில் விளக்கம் எதுவும் இல்லை. விளக்கம் கிடைக்காத ஒருவர் அன்பு என்று எழுதியிருக்கிறார். துன்பமே காணாத ஒருவர் அதை எழுதியிருந்தால் என்னால் இவ்வளவு நம்பியிருக்க முடியாது.

எங்கள் சபையின் போதகரிடம் ஒரு காரியம் கேட்டிருக்கிறேன். சாட்சி நேரத்தில், கேட்டது கிடைக்காமல் போன பிறகும் ஆராதனைக்கு வந்துகொண்டிருக்கிறவர்களும் பேசட்டும். அவர்கள் பேசி முடித்த பிறகு யாரும் எழுந்து காரணம் சொல்லக்கூடாது. யோசிக்கிறேன் என்றார். உங்கள் சபையிலும் கேட்டுப் பாருங்கள்.