சோழனைச் 'சோளன்' ஆக்காதீர்கள்

வரலாற்று நாவலை ஒலிப்புத்தகமாகப் போட்டால் முதலில் காதில் விழுவது முரசும் வாளோசையும்தான். வாசிப்பவர் குரல் அதற்கு அடியில் எங்கோ கிடக்கிறது. 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது ஆடிப்பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில். தண்ணீரையும் மதகுகளையும் பார்த்துக்கொண்டு நிதானமாகப் போகும் அந்த இடத்துக்கு எதற்குப் போர்முரசு?

அப்புறம் உச்சரிப்பு. ஐந்து பாகமும் சோழர் கதை. அதை வாசிக்க வந்தவருக்கு ழகரம் வராவிட்டால் எப்படி? 'சோளர்', 'பளுவேட்டரையர்', 'ஆள்வார்க்கடியான்' என்று மணிக்கணக்கில் கேட்க வேண்டியிருக்கிறது. ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாடும் இடத்தில் சீர் பிரிக்காமல் செய்தி வாசிப்பதுபோல ஓடிவிடுகிறார்கள். நந்தினிக்கோ எப்போதும் ஒரே கிசுகிசுப்பு. அவளுடைய கோபமும் வலியும் எங்கே போயின?

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அத்தியாய முடிவுகள்தான். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை அது. அடுத்த இதழ் வரும்வரை வாசகரைத் தவிக்கவிடவே எழுதிய கடைசி வரிகள். அதைப் படித்த வேகத்தில், மூச்சுகூட விடாமல், அடுத்த அத்தியாயத் தலைப்புக்குப் பாய்கிறார்கள். அங்கே இரண்டு விநாடி நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?