தேக்கடிக்குக் கிளம்பும் முன் அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள்

தேனிப் பக்கத்துப் பேப்பரில் தினமும் ஒரு ஓரத்தில் வரும்: முல்லைப் பெரியாறு நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி நெல் நடவுக்காக அதைப் பார்க்கிறார். தேக்கடிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். படகு டிக்கெட், லாட்ஜ் எல்லாம் அதற்குப் பிறகு.

"தேக்கடி போனோம், ஒரு மிருகம்கூடக் கண்ணில் படவில்லை, வெறும் படகு சவாரிதான்" என்று வருஷா வருஷம் எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் போனது டிசம்பர் லீவில். காட்டின் மீது குற்றமில்லை, போன நேரம்தான் தப்பு.

நாம் படகில் போவது இயற்கையாக உண்டான ஏரியில் இல்லை. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் அது. சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்பு, விரித்து வைத்த கைவிரல்கள் மாதிரி பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து கிடக்கிறது. உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த 142 அடியை ஒட்டித் தண்ணீர் நிற்கும்போது அது காட்டு மரங்களின் அடிவரை ஏறிவிடும். கரை என்று ஒன்று மிஞ்சாது. காட்டுமாடு பத்தடி உள்ளே நின்றாலும் படகில் இருப்பவருக்குத் தெரியாது. தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் பெய்து முடித்த காலத்தில் காட்டுக்குள் ஓடை ஓடையாகத் தண்ணீர் இருக்கும். எந்த மிருகமும் ஏரியைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை.

தை பிறந்த பிறகு கதை மாறுகிறது. மழை நின்று, தண்ணீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகப் போக மட்டம் இறங்கும். 120 அடி வாக்கில் வந்தால் ஏரியைச் சுற்றிச் சேற்றுக் கரை அகலமாக வெளியே தெரியும், அதில் இளம்புல் முளைக்கும். மேலே காடு காய்ந்து கிடக்க, கீழே பச்சைப் பாய். கடமானும் காட்டுமாடும் பன்றியும் இறங்கி வருவது அந்தப் புல்லுக்காகத்தான். யானை புல்லுக்கும் வரும், தண்ணீருக்கும் வரும். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை தேக்கடி வேறு ஊர். ஒரு எச்சரிக்கை மட்டும்: மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் பழைய மரக்கட்டைகள் படகின் அடியில் இடிக்கும் ஆபத்து இருப்பதால் படகுகளைக் குறைக்க நேரிடும். அந்த மாதிரி வறட்சி வருஷத்தில் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த மரக்கட்டைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. 125 வருஷத்துக்கும் மேலாகத் தண்ணீரில் நிற்கின்றன. நீருக்குள் காற்று எட்டாததால் அடிமரம் மக்குவதில்லை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைத் தலைகள் இன்று நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வீடு. பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு முழுக்க நீருக்குள் இருக்கும். கழுத்து மட்டும் வெளியே வளைந்து நெளிந்து போகும். "பாம்பு, பாம்பு" என்று படகில் ஒருவராவது கத்தாமல் இருக்க மாட்டார். அதன் சிறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆழத்தில் மீன் துரத்த அது வசதி, வெளியே வந்தால் சிரமம். அதனால்தான் கட்டையில் ஏறி இரண்டு சிறகையும் விரித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி அசையாமல் நிற்கிறது. படகு பக்கத்தில் போகும்போது கவனியுங்கள், முதுகின் கறுப்பில் வெள்ளிக் கோடுகள் தெரியும். யானை கிடைக்காத நாளிலும் இது கிடைக்கும்.

இனிப் படகு. நாளில் ஐந்து நேரம் விடுகிறார்கள்: காலை 7.30, 9.30, 11.15, பிற்பகல் 1.45, 3.30. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 11.15, 1.45 இரண்டும் வெயில் நேரம், மிருகங்கள் நிழலில் ஒதுங்கியிருக்கும். வேறு வழியே இல்லை என்றால்தான் அவற்றில் போகலாம். முதல் படகு நல்லது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் ஏரிமேல் பனிமூட்டம் லேசில் கலையாது, அப்போது 9.30 படகே மேல். கோடையில் என் ஓட்டு 3.30க்கு. பகல் முழுக்க உள்ளே நின்ற யானைக்கூட்டம் தண்ணீருக்கு இறங்குவது அந்த நேரத்தில்தான்.

7.30 படகுக்கு மதுரையிலிருந்து விடியற்காலை கிளம்பி வந்து ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை மலைப்பாதை. முன்னால் ஒரு லாரி மாட்டினால் போதும். குமுளியில் இறங்கினாலும் வேலை முடியவில்லை: சொந்த வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, வனத்துறை பஸ்ஸில் ஏறிப் படகுத் துறைக்குப் போக வேண்டும். நுழைவுச் சீட்டு வேறு, படகுச் சீட்டு வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்து நுழைவுச் சீட்டோடு படகுத் துறையில் போய் நிற்கிற குடும்பங்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். லீவு நாளென்றால் படகுச் சீட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்து, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு குமுளியிலோ கம்பத்திலோ தங்குவதுதான் நிம்மதி.

படகில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். 2009 செப்டம்பர் 30 அன்று மாலை, இதே ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள் என்பது அப்போது பரவலாக வந்த செய்தி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பது பேர், ஆளுக்கு 60 கிலோ என்றாலே 2,400 கிலோ. அது மேல்தளத்தில், ஒரு ஓரத்துக்கு, சில வினாடிகளில் நகர்ந்தால் எந்தப் படகும் சாயும். அதற்குப் பிறகுதான் லைஃப் ஜாக்கெட்டும் இருக்கைக் கட்டுப்பாடும் கறாராயின. ஜாக்கெட்டைத் தோளில் மாட்டிவிட்டுப் பட்டையை இழுத்துக் கட்டாமல் விட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேலே கழன்று போகும். குழந்தைக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட் கொடுத்தால் வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் யானை இல்லையா, கொஞ்சம் பொறுங்கள். படகோட்டி திருப்புவார், திரும்பி வரும்போது உங்கள் பக்கம் வரும்.

கரையில் எதைத் தேடுவது என்று தெரிந்தால் கண் வேகமாகப் பழகும். காட்டுமாடு தூரத்தில் கரும்பாறை மாதிரி இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரித் தெரிந்தால் அது பாறை இல்லை. யானை மண்ணை வாரிப் பூசியிருந்தால் செம்மண் மேட்டோடு கலந்துவிடும், காதின் அசைவுதான் காட்டிக்கொடுக்கும். நீர்நாய் கூட்டமாகத்தான் போகும். தண்ணீரில் நாலைந்து உருண்டைத் தலைகள் வரிசையாக மேலெழுந்து முங்கினால் அதுதான். பைனாகுலர் 8 மடங்கு போதும். 10 மடங்கு என்றால் எஞ்சின் அதிர்வில் படம் ஆடும். போன் கேமராவில் நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் யானை ஒரு புள்ளி. போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

உண்மையில் கொஞ்சம் நடக்க முடிந்தவர்களுக்குப் படகே இரண்டாம் பட்சம். வனத்துறை நடத்துகிற மூன்று மணி நேர நடை இருக்கிறது, சின்னக் குழுவாக, உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டியோடு. ஒரு நாள் முழுக்கச் செலவழிக்க முடிந்தால் மூங்கில் தெப்பம்: பத்துப் பேர் வரை, கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர், பாதி நடை பாதி துடுப்பு. எஞ்சின் சத்தம் இல்லாததுதான் இதன் முழு மதிப்பும். காட்டில் கூடாரமிட்டுத் தங்கும் பயணத்துக்கு வழிகாட்டிகளாக வருகிறவர்களில் ஒரு காலத்தில் இதே காட்டில் வயணா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் இருக்கிறார்கள். 1990களில் அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதோடு நிறுத்தாமல், காவல் வேலைக்கும் வழிகாட்டும் வேலைக்கும் திருப்பினார்கள். காட்டுக்குள் ஒளிந்தே வாழ்ந்தவருக்குத் தெரிந்த தடம் வேறு யாருக்குத் தெரியும்? நம் நாட்டு வனத்துறை எடுத்த நல்ல முடிவுகளில் இது ஒன்று என்று மனதார நம்புகிறேன்.

நடை என்றால் அட்டை உண்டு, மழைக்காலத்தில் ஏராளம். லீச் சாக்ஸைப் பேன்ட்டுக்கு வெளியே முழங்கால்வரை இழுத்துக் கட்ட வேண்டும், உள்ளே விட்டால் பயனில்லை. ஷூவின் மேல் மூக்குப்பொடி தேய்ப்பது உள்ளூர் வழக்கம், அது வேலை செய்யும். கடித்துவிட்டால் தீக்குச்சி, உப்பு என்று போகாமல் விரல் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துகிறது. அதனால் கடிவாயில் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. அழுத்திப் பிடித்து, சோப்புத் தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும். சிவப்பு, வெள்ளைச் சட்டையும் சென்ட்டும் வேண்டாம்.

குமுளி பஸ் நிலையத்தில் "ஜீப் சஃபாரி" என்று கூப்பிடுவார்கள். அந்த ஜீப் படகு போகும் தேக்கடிக் காட்டுக்குள் போகாது, கவி, சத்திரம் என்ற ஊர்கள் மாதிரி வேறு பக்கங்களுக்குப் போகும். எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஏறினால் கவி அருமையான இடம்தான். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களை ஏலத்தோட்ட வேலைக்கு அங்கே குடியமர்த்தினார்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் கவியில் இருக்கின்றன. காட்டை மட்டும் பார்த்துவிட்டு வராமல் அவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

படகுத் துறைக் குரங்குகளுக்குச் சிப்ஸ் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கண்டாலே அவை பறிக்கும், குழந்தை கையில் இருந்தால் கீறும்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் வண்டிகளால் குமுளிப் பாதை திணறும். கூட்டம் மிகுந்தால் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், நேரம் கூடும். இன்னொன்று சித்ரா பௌர்ணமி. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் மலைமேல் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அனுமதி, குமுளி முழுக்க ஜீப்பும் ஜனமும். கண்ணகியைக் கும்பிடப் போகிறவர்கள் அன்று போகட்டும். காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வாரம் தள்ளிப் போங்கள். அதற்குள் நீர்மட்டம் அநேகமாக இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.