குடும்ப ஃபோல்டர் யாருக்காக?

அடுத்த வாரம் எங்கள் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கம்யூனிட்டி போஸ்டிங், அதாவது ஊருக்குள் வீடு வீடாகப் போய் எடுக்கும் பயிற்சி, தொடங்குகிறது. அதற்கு முன்னால் மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நர்சிங் மாணவியாக இருந்தபோது குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் எனக்கு ஐந்து வீடு ஒதுக்கினார்கள். ஒரு வீட்டில் மீன் சுமந்து விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். பிரஷர் பார்த்தேன், 180/110. அந்தக் குடும்பத்தின் உடல்நல விவரங்களைக் குறித்துவைக்கும் ஃபோல்டரில் சிவப்புப் பேனாவால் எழுதினேன். உப்பைக் குறைக்கச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், வந்துவிட்டேன். அந்த ஃபோல்டருக்கு நல்ல மார்க் கிடைத்தது. மறு வருடம் தோழி ஒருத்தியின் கல்யாணத்துக்கு அதே ஊருக்குப் போனபோது அந்த அம்மா வலது கையும் காலும் விழுந்து கட்டிலில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, கண் நிறைந்தது, பேச்சு வரவில்லை. நான் எழுதிய 180/110 அப்போதும் கல்லூரி அலமாரியில்தான் இருந்தது. அந்த ஊருக்கான அரசு நர்சம்மாவிடம் நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

இன்று நானே சமுதாய நலச் செவிலியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்சும் ஃபோல்டரைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கும்போது அந்தக் கட்டில்தான் கண்ணில் வரும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கியது 1838இல். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நர்சிங் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை, நம் பிள்ளைகள் வளைகுடா வரை போய் வேலை பார்க்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் பேச்சிப்பாறை அணைக்கு மேலே, படகில் போய் இறங்கி நடக்க வேண்டிய காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் இதே மாவட்டம்தான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்களும், அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் குந்தியிருந்து, முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டு வெந்த விரல்களில் சாம்பலைப் பூசிக்கொள்ளும் பெண்களும் இங்கேதான் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது என்பது பாதிதான் உண்மை. ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரம் இவர்கள் கூலி வாங்கும் நேரம்.

அரசுக் கணக்குப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. கர்ப்பிணி, தடுப்பூசி, குடும்பநலம், ரிஜிஸ்டர் என்று ஒரு நர்சம்மாவின் தலையில் எவ்வளவு இருக்கிறது என்பது கூடவே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது பெரிய காரியம், நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருவதும் அது சரியாக வயிற்றுக்குள் போவதும் வேறு வேறு.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். மணக்குடி பக்கம் ஐந்தாம் செமஸ்டரில் அவள் போன வீட்டுக்கே ஏழாம் செமஸ்டரிலும் அவளை அனுப்பினேன். வழக்கமாக அப்படி அனுப்புவதில்லை, ஊரே மாறிவிடும். அங்கேயும் மீன் விற்கும் அம்மாதான், சுகரும் பிரஷரும் இருந்தன. முதல் தடவை கேட்டபோது, "மாத்திர எல்லாம் ஒழுங்காத்தான் திங்கேன் மக்களே" என்றார். ஃபோல்டரில் ஒழுங்காக மருந்து எடுக்கிறார் என்று ஏறியது. இரண்டாவது, மூன்றாவது தடவையும் அதே பதில்தான்.

ஐந்தாவது தடவை பிள்ளை தனக்குத் தெரிந்த முறைப்படியே செய்தாள். திண்ணையில் செய்தித்தாளை விரித்துப் பையை வைத்தாள், சோப்பை எடுத்துக் கை கழுவினாள். அந்த அம்மா அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தார். உடனே பட்டையைக் கட்டினால் பிரஷர் கூடத்தான் காட்டும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடமாவது சும்மா இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பேச்சு வந்தது. "விடியக்காலம் ஏலத்துக்குப் போவேன்லா, அப்ப ஒரு மாத்திரையப் போட்டுட்டு எறங்குவேன். கஞ்சி பத்து மணிக்குத்தான். சில நாளு வேர்த்து ஊத்தி, கை வெறவெறத்து, கண்ணு இருட்டிட்டு வரும். அன்னைக்கு மறு மாத்திரைய விட்டுருவேன்."

சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, கூடையைச் சுமந்து நாலைந்து மணி நேரம் நடந்திருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை விழுந்திருக்கிறது. அந்த மயக்கத்தைப் பிரஷர் மாத்திரையின் வேலை என்று நினைத்து அதை நிறுத்தியிருக்கிறார். பிள்ளை தானாக எதையும் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது. என்னிடம் வந்து சொன்னாள். நர்சம்மாவிடம் சொன்னோம். மறுநாள் அவளே கூடப் போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டினாள். அவர் மாத்திரையைக் கஞ்சிக்கு முன்னால் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஐந்தாவது தடவை ஒருத்தி போயிருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

யாரும் முதல் நாள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளை நோட்டோடு வந்து நின்றால், திட்டுவாளோ என்ற பயம் இருக்கும். பழகிய முகத்திடம்தான் வாய் திறக்கும். ஆனால் நம் போஸ்டிங் முறை ஒவ்வொரு தடவையும் புது முகத்தைத்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. போன வருடம் கேட்ட அதே கேள்விகளை இந்த வருடமும் வேறொருத்தி கேட்பாள். "போன தடவையும் எழுதிட்டுப் போனியளே, அது என்னாச்சு?" என்று ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் நேரம். கல்லூரி பஸ் ஒன்பதரைக்குக் கொண்டு இறக்கும், பன்னிரண்டரைக்கு ஏற்றும். அந்நேரம் மீன்காரப் பெண்கள் சந்தையில், அண்டி ஆபீஸ் பெண்கள் வேலையில் இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, ஊரைப் பார்த்ததாக எழுதுகிறோம். பஸ் திரும்ப இடமிருக்கும் ஊராகத் தேர்ந்தெடுப்பதால் மலைப்பக்கம் யாரும் ஏறுவதே இல்லை. பெண்பிள்ளைகளைத் தூரத்துக்கு எப்படி அனுப்புவது என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். டீச்சர் கூடப் போகட்டும், வண்டியும் ஏற்பாடு செய்யட்டும். அதைச் செய்ய மனமில்லாமல் பெற்றோரின் பயத்தைக் காரணமாகக் காட்டக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழை வீடு நம் பிள்ளைகள் கை பழகும் இடம் கிடையாது. பிரஷர் பார்க்கப் பழகுவதைக் கல்லூரி லேபிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போடுவதென்றால் பக்கத்தில் டீச்சர் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு பிள்ளைக்கு ஒதுக்கிய வீடுகளை அவள் படிப்பு முடியும்வரை மாற்றாதீர்கள். போஸ்டிங் முடியும் நாளில் ஃபோல்டரில் கவனிக்க வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டுக்காரரின் சம்மதத்தோடு நர்சம்மா கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது சாயங்காலம் போங்கள்.

எங்கள் கல்லூரியில் சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மணக்குடிப் பிள்ளை படிப்பு முடித்துப் போய்விட்டாள். போகும்போது தன் வீடுகளின் பட்டியலை ஜூனியர் ஒருத்தியிடம் கொடுத்து, நேரிலேயே கூட்டிப்போய் அறிமுகமும் செய்துவைத்தாள். பட்டியலில் முதல் வீடு அந்த அம்மாவுடையது. பக்கத்தில், "நாலு மணிக்கு மேல் போகவும். கூடையை இறக்கியதும் பிரஷர் பார்க்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாள்.